வேற வேற காலத்து ஹெவிவெயிட் பாக்ஸர்களை மோத விட்டுப் பாக்குறது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

பாக்ஸிங் பாக்க ஆரம்பிச்ச எல்லாரும் சீக்கிரமே வந்து நிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, முகமது அலியும் மைக் டைசனும் மோதினா யார் ஜெயிப்பா, 1950-கள் சாம்பியன் ராக்கி மார்சியானோ இன்னைக்கு இருந்தா இந்தக் காலத்து டைசன் ஃப்யூரி கிட்ட தாக்குப் பிடிப்பாரா, இந்த மாதிரி. கேள்வியில ஒரு தப்பும் இல்ல, பாக்ஸிங்கைக் கத்துக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனா பெரும்பாலும் நடக்குறது என்னன்னா ஒருத்தர் நாக்அவுட் வீடியோ ஒண்ணைக் காட்டுவார், இன்னொருத்தர் எத்தனை சண்டை ஜெயிச்சார்ங்கற கணக்கைக் காட்டுவார், அதோட பேச்சு முடிஞ்சிடும், யாருக்கும் ஒண்ணும் புதுசா தெரிஞ்சிருக்காது. ஒழுங்கா பண்ணா இந்த விளையாட்டு ரெண்டு பாக்ஸரைப் பத்தியும் உங்களுக்கு முன்னாடி தெரியாததைக் காட்டிக் கொடுக்கும். அதை எப்படிப் பண்றதுன்னு வரிசையா சொல்றேன்.

முதல் வேலை: தேதி குறிக்கணும்

"அலி"ன்னு சும்மா சொன்னா அது ஒரு ஆளே இல்ல. 1966 நவம்பர்ல ஹூஸ்டன்ல கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை 3 ரவுண்டுல முடிச்ச அலி ஒரு ஆள், 1974 அக்டோபர்ல கின்ஷாசாவுல கயித்துல சாஞ்சு அடி வாங்கிக்கிட்டே ஃபோர்மனைக் களைப்பாக்கி 8-வது ரவுண்டுல சாய்ச்ச அலி வேற ஆள், 1980-ல லாரி ஹோம்ஸ் கிட்ட 10 ரவுண்டு வாங்கிட்டு அதுக்கு மேல எழுந்து வராத அலி இன்னொரு ஆள். டைசனும் அப்படித்தான், 1988 ஜூன்ல ஸ்பிங்ஸை 91 விநாடியில முடிச்சவரும் 1990 பிப்ரவரில டோக்கியோவுல பஸ்டர் டக்ளஸ் கிட்ட விழுந்தவரும் ரெண்டு வருஷ இடைவெளிதான், ஆனா தலையை அசைக்கிற விதமே மாறிப் போயிருக்கும், ரெண்டு சண்டையையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க தெரியும்.

அதனால ஒரு ராத்திரியைத் தேர்ந்தெடுங்க, எழுதி வெச்சுக்கோங்க, அப்புறம் மாத்தாதீங்க. இங்கதான் நெறைய பேர் தெரியாமலே கள்ளாட்டம் ஆடுறாங்க, 66 அலியோட கால்களையும் 74 அலியோட தாங்குற சக்தியையும் ஒரே உடம்புல ஒட்டி வெச்சுட்டு "இவரை யார் அடிக்க முடியும்"னு கேப்பாங்க. அப்படி ஒரு ஆள் எந்த ராத்திரியும் ரிங்குக்குள்ள ஏறினதில்ல. 66-ல அலி அவ்வளவு அடி வாங்க வேண்டிய அவசியமே வரல, அவர் எவ்வளவு தாங்குவார்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே மூணு வருஷத்துக்கு மேல சண்டை போட விடாம உக்கார வெச்சு, திரும்ப வந்து, கால் கொஞ்சம் கனத்துப் போன பிறகுதான்.

இதே தேதிக் கணக்கு ஜெயிச்ச சண்டைகளுக்கும் உண்டு. மார்சியானோ 1951-ல ஜோ லூயிஸை நாக்அவுட் பண்ணார், ஆனா லூயிஸுக்கு அப்ப 37 வயசு. டைசன் 1988 ஜனவரில ஹோம்ஸை 4 ரவுண்டுல முடிச்சார், ஹோம்ஸுக்கு 38. லூயிஸ் பேரு, ஹோம்ஸ் பேரு பெருசுங்கறதால அந்த வெற்றிகளை முழு மதிப்புக்கு எடுத்துக்கக் கூடாது.

அடுத்து: எந்த விதிப்படி சண்டை

இதை முடிவு பண்ணாம பேசுற பேச்சு எல்லாம் வீண், நான் அடிச்சுச் சொல்வேன். 1941 ஜூன்ல நியூயார்க்குல ஜோ லூயிஸை எதிர்த்து பில்லி கான் நின்னார், லூயிஸை விட ரொம்ப எடை கம்மி, ஆனா 12 ரவுண்டு முடியும்போது ரெண்டு நடுவர் மதிப்பெண் கார்டுல கான் முன்னாடி, மூணாவது கார்டுல சமம். 13-வது ரவுண்டுல லூயிஸ் நாக்அவுட் பண்ணிட்டார். 1952-ல மார்சியானோ பட்டம் ஜெயிச்ச சண்டையும் அதே கதைதான், 12 ரவுண்டு வரைக்கும் மூணு கார்டுலயும் ஜெர்சி ஜோ வால்காட் முன்னாடி, 13-வதுல ஒரே ஒரு குறுகலான வலது கை, வால்காட் கயித்துல தொங்கினார். 1980-ல மைக் வீவர் தோத்துக்கிட்டு இருந்த சண்டையைக் கடைசி 15-வது ரவுண்டுல, ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லாதப்ப, ஜான் டேட்டை சாய்ச்சு ஜெயிச்சார். இன்னைக்கு இருக்குற 12 ரவுண்டு விதியில இந்த மூணு சண்டைக்கும் முடிவே வேற. மார்சியானோவோட 49 சண்டையில 49 வெற்றிங்கற கணக்கு அங்கேயே ஒடஞ்சிருக்கும்.

15 ரவுண்டு ஏன் போச்சுன்னா, 1982 நவம்பர்ல லைட்வெயிட் சண்டை ஒண்ணுல தென்கொரியாவோட கிம் டுக் கூ 14-வது ரவுண்டுல விழுந்து, சில நாள்ல இறந்துட்டார். பட்டம் கொடுக்குற அமைப்புகள்ல ஒண்ணான டபிள்யூபிசி உடனே 12-ஆ குறைச்சது, மத்த அமைப்புகளும் அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள பின்னாடியே வந்தாங்க. அதனால 15 ரவுண்டுக்குன்னே உடம்பைத் தயார் பண்ணி, மூச்சைப் பங்கு போட்டு, கடைசியில எகிற வேண்டிய காலத்து ஆள் ஒருத்தரை 12 ரவுண்டுல இறக்கினா அவர் பாதி ஆயுதத்தை விட்டுட்டு வர்ற மாதிரி. மறுபக்கம், 110 கிலோவுக்கு மேல இருக்குற இன்னைக்கு பாக்ஸரை 15 ரவுண்டு ஓட விட்டா 13-வதுல என்ன ஆவார்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னும் பழைய காலத்துக்குப் போனா விஷயம் இன்னும் மாறும். 1919 ஜூலை 4-ல ஜாக் டெம்ப்ஸி ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டுலயே ஏழு தடவை தரையில போட்டார், வில்லார்ட் 6 அடி 6 அங்குலம், டெம்ப்ஸியை விட 50 பவுண்டுக்கு மேல கனம். கேக்க பிரமிப்பா இருக்கும், ஆனா படத்தைப் பாருங்க, வில்லார்ட் எழுந்திருக்க முழங்காலை ஊனும்போதே டெம்ப்ஸி பக்கத்துலயே கையை ஓங்கிட்டு நிப்பார், அன்னைக்கு அது தப்பில்ல. ஒருத்தர் விழுந்தா மத்தவர் தள்ளி மூலைக்குப் போகணும், அதுக்கப்புறம்தான் எண்ணணும்ங்கற விதி அப்புறம் வந்தது, 1927-ல அதே விதி டெம்ப்ஸியையே கவுத்துச்சு, ஜீன் டன்னியை விழ வெச்சுட்டு மூலைக்குப் போகாம நின்னதுல டன்னிக்கு நாலஞ்சு விநாடி கூடுதலாக் கிடைச்சது, எழுந்து சண்டையையும் ஜெயிச்சுட்டார். ஆக டெம்ப்ஸியை எந்த விதிக்குள்ள இறக்குறீங்கங்கறதுதான் பாதி பதில். கிளவுஸும் அந்தக் காலத்துல எடை கம்மி, திணிப்பு கம்மி, அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

என் வழக்கம், ரெண்டு பேர்ல முன்னாடி காலத்து ஆளோட விதியில ஒரு தடவை, பின்னாடி காலத்து ஆளோட விதியில ஒரு தடவைன்னு ரெண்டு முறை ஓட்டிப் பாக்குறது. ரெண்டுலயும் ஒரே ஆள் ஜெயிச்சா நம்பிக்கையா சொல்லலாம்.

எடையும் உயரமும்: இங்க நிதானமா இருங்க

மார்சியானோ பட்டம் ஜெயிச்ச அன்னைக்கு 184 பவுண்டு. இன்னைக்கு அவர் ஹெவிவெயிட்டே கிடையாது, 200 பவுண்டு வரைக்கும் குரூஸர்வெயிட்டுன்னு தனிப் பிரிவு இருக்கு, அதுல வருவார். டைசன் ஃப்யூரி 6 அடி 9 அங்குலம், 2021-ல வைல்டரை மூணாவது தடவை சந்திச்சப்ப 277 பவுண்டு. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல வெச்சுட்டு "முடிஞ்சது"ன்னு சொல்றவங்க இருக்காங்க. இன்னொரு கோஷ்டி, ஜோ லூயிஸ் 1935-ல 260 பவுண்டு கார்னேராவை 6 ரவுண்டுல முடிச்சாரே, உயரம் ஒரு பொருட்டே இல்லன்னு சொல்லும். ரெண்டு பக்கமும் அவசரப்படுறாங்க.

கேக்க வேண்டியது எவ்வளவு பெரிய ஆளுங்கறது இல்ல, அந்தப் பெரிய உடம்பை உபயோகிக்கத் தெரிஞ்ச ஆளாங்கறது. கார்னேரா உயரமா இருந்துக்கிட்டே கிட்ட வர விட்டார். விளாடிமிர் கிளிட்ச்கோ விட மாட்டார், இடது கையை நீட்டியே வெச்சு தூரத்தைக் காப்பார், அதைத் தாண்டி யாராவது உள்ள வந்தா உடனே கட்டிப்பிடிச்சு, தன் எடையை அப்படியே அவங்க கழுத்து மேல சாய்ப்பார். ஒவ்வொரு தடவையும் 240 பவுண்டு உங்க கழுத்துல தொங்கினா ஆறாவது ரவுண்டுல கால் என்ன ஆகும்? சின்ன ஆளுக்கு உண்மையான ஆபத்து இந்தச் சாய்ப்புதான், குத்தை விட இதுதான் பழைய காலத்து ஆட்களுக்குப் பழக்கமே இல்லாத விஷயம். லெனாக்ஸ் லூயிஸும் (ஜோ லூயிஸ் இல்ல, இவர் பின்னாடி காலத்து ஆள்) இதே கலையில கெட்டிக்காரர்.

இதுக்கு எதிர்ச் சான்று உசிக். 2024 மே மாசம் ரியாத்ல ஃப்யூரியை ஜெயிச்சப்ப எடை வித்தியாசம் கிட்டத்தட்ட 40 பவுண்டு, டிசம்பர்ல திரும்பவும் ஜெயிச்சார். ஆனா உசிக் 6 அடி 3 அங்குலம், இடது கைக்காரர், கால் நிக்காத ஆள், அவர் ஜெயிச்சதை வெச்சு 5 அடி 10 அங்குலமும் 68 அங்குல ரீச்சும் (ரெண்டு கையையும் விரிச்ச நீளம்) உள்ள மார்சியானோவும் ஜெயிப்பார்னு சொல்ல முடியாது. ஜோ லூயிஸ் ஜெயிப்பாரான்னு கேட்டா அது நல்ல கேள்வி, உயரம் கிட்டத்தட்ட உசிக் அளவு, எடை கொஞ்சம் கம்மி, அடி பல மடங்கு கனம்.

மார்சியானோவுக்கு இன்னைக்குப் பயிற்சி கொடுத்து 210 பவுண்டு ஆக்கினா என்ன ஆகும்னு சிலர் கேப்பாங்க. எனக்கு அது பிடிக்காது. விடாம முன்னேறிக்கிட்டே இருக்குற அந்த மூச்சு 184 பவுண்டு உடம்புல இருந்து வந்தது, 26 பவுண்டு ஏத்தினா அது வேற மனுஷன்.

வீடியோ பாக்குற முறை

ஹைலைட்ஸ் பாக்காதீங்க. ஹைலைட்ஸ்ல எல்லாருமே அசுரன்தான். முழுச் சண்டையைப் பாருங்க, அதுவும் முதல்ல தோத்த சண்டையை, இல்லன்னா திணறி ஜெயிச்ச சண்டையை. ஒருத்தரோட ஓட்டை எங்க இருக்குன்னு அவரை ஜெயிச்ச ஆள்தான் உங்களுக்குக் காட்டுவார்.

உதாரணம், 1936 லூயிஸ் - ஷ்மெலிங். ஷ்மெலிங் முன்னாடியே லூயிஸ் படங்களைப் பாத்து ஒண்ணைக் கண்டுபிடிச்சு வெச்சிருந்தார், லூயிஸ் ஜாப் (முன்னாடி இருக்குற கையால போடுற நேர்க் குத்து) போட்டுட்டு இடது கையைத் திரும்பக் கொண்டு வரும்போது தாழ்வா இறக்கிக் கொண்டு வர்றார், அந்த ஒரு கண நேரம் தாடையோட இடது பக்கம் திறந்து கெடக்கு. சண்டையைப் போட்டு லூயிஸோட இடது முழங்கையை மட்டும் பாருங்க, ஜாப் போகும், கை தாழும், அதுக்கு மேல ஷ்மெலிங்கோட வலது கை வந்து விழும், திரும்பத் திரும்ப அதேதான், 12-வது ரவுண்டுல லூயிஸ் படுத்துட்டார். 1938-ல திரும்ப மோதினப்ப லூயிஸ் ஷ்மெலிங்குக்கு யோசிக்கவே நேரம் கொடுக்காம முதல் ரவுண்டுலயே முடிச்சுட்டார். இப்ப உங்க கையில ஒரு கேள்வி இருக்கு, நீங்க லூயிஸோட மோத விடுற ஆளுக்கு ஜாப் மேல வலது கை போடத் தெரியுமா?

அலிக்கும் இப்படி ஒண்ணு உண்டு. குத்து வந்தா தலையை நேரா பின்னாடி இழுப்பார், கை கீழ இருக்கும். நேர்க் குத்துக்கு அது அழகா வேலை செய்யும், பக்கவாட்டுல வர்ற இடது ஹூக்குக்குச் செய்யாது. 1963-ல ஹென்றி கூப்பர் அவரை விழ வெச்சதும் இடது ஹூக், 1971 மார்ச்ல 15-வது ரவுண்டுல ஃப்ரேஸியர் விழ வெச்சதும் இடது ஹூக். அதனால அலிக்கு எதிரா யாரை நிறுத்தினாலும் முதல்ல அவங்க இடது ஹூக்கைப் பாருங்க.

வேற என்ன கவனிக்கணும்னா, குத்து தவறிப் போன பிறகு அந்த ஆள் எப்படி நிக்கிறார், பின்னாடி தள்ளப்பட்டா என்ன பண்றார், அடி பட்டா கட்டிப்பிடிக்கிறாரா திருப்பி வீசுறாரா, ஏழாவது ரவுண்டுல வாய் திறந்திருக்கா. 1920-க்கு முன்னாடி எடுத்த படங்கள் பாக்கும்போது ஒரு எச்சரிக்கை, கேமராவைக் கையால சுத்தி எடுத்தது, இப்ப ஓட்டும்போது வேகம் தப்பா இருந்தா ஜாக் ஜான்சன் மாதிரி ஒரு மேதைகூட பொம்மை மாதிரி துள்ளுவார். வேகத்தைச் சரி பண்ணின பதிப்பைத் தேடிப் பாருங்க, அவர் எதிராளியோட கையைப் பாதி வழியிலயே புடிச்சு நிறுத்துறது அப்பதான் தெரியும்.

சாயல் ஆளைக் கண்டுபிடிங்க, சங்கிலிக் கணக்கு போடாதீங்க

ஃப்ரேஸியர் அலியை ஜெயிச்சார், ஃபோர்மன் ஃப்ரேஸியரை ரெண்டே ரவுண்டுல முடிச்சார், அப்ப ஃபோர்மன் அலியை நசுக்கிடணும் இல்லையா? கின்ஷாசாவுல நடந்தது தலைகீழ். கென் நார்ட்டன் அலியோட தாடையையே உடைச்சார், மூணு சண்டையிலயும் திணறடிச்சார், அதே நார்ட்டனை ஃபோர்மன் ரெண்டு ரவுண்டுல முடிச்சார். ஒரே காலத்துல, ஒரே விதியில இருந்தவங்களுக்கே சங்கிலி அறுந்து போகுது, 50 வருஷம் தள்ளி இருக்குறவங்களுக்கு எப்படி நிக்கும்.

அதுக்குப் பதிலா இதைப் பண்ணுங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை எடுத்து, மத்தவர் மாதிரி ஆடின யாரையாவது அவர் சந்திச்சிருக்காரான்னு தேடுங்க. அந்தச் சண்டையில என்ன நடந்ததுன்னு பாத்துட்டு, சாயல் ஆளுக்கும் நிஜ ஆளுக்கும் என்ன வித்தியாசம்னு கழிச்சுக்கோங்க. அவ்வளவுதான் வித்தை.

ஒரு சண்டையை முழுசா ஓட்டிக் காட்டுறேன்

ஜார்ஜ் ஃபோர்மன், 1973 ஜனவரி 22, கிங்ஸ்டன். மைக் டைசன், 1988 ஜூன் 27, அட்லாண்டிக் சிட்டி. எடை ஆச்சரியமா கிட்டத்தட்ட ஒண்ணுதான், ரெண்டு பேரும் 217, 218 பவுண்டு பக்கம். ஆனா உயரத்துல ஃபோர்மன் 5 அங்குலம் கூட, கையும் ரொம்ப நீளம்.

டைசனுக்குச் சாயல் ஆள் யாரு, ஃப்ரேஸியர்தான், குள்ளம், குனிஞ்சு முன்னேறுறவர், இடது ஹூக். கிங்ஸ்டன்ல ஃபோர்மன் அவரை ஆறு தடவை விழ வெச்சார். எப்படின்னு மெதுவா ஓட்டிப் பாருங்க, ஃப்ரேஸியர் உள்ள வரும்போது ஃபோர்மன் ரெண்டு கையையும் நீட்டி அவர் தோளைப் புடிச்சுத் தள்றார், ஃப்ரேஸியர் ஒரு அடி பின்னாடி போய் திரும்பக் குனிஞ்சு வரும்போது கீழே இருந்து வலது அப்பர்கட். குனிஞ்சு வர்ற தலைக்கு அப்பர்கட் எமன்.

இப்ப கழித்தல். ஃப்ரேஸியர் மெதுவா சூடாகுறவர், டைசன் மணி அடிச்ச நிமிஷமே முழு வேகம். ஃப்ரேஸியர் ஒரே தாளத்துல குனிவார், 88 டைசன் பக்கவாட்டுலயும் தலையை நகத்துவார், ரெண்டு கையிலயும் அடி. ஃபோர்மனோட வீச்சு அகலம், டைசனோட குத்து குறுகல், முதல்ல போய்ச் சேர்றது டைசனோடது. 1976-ல ரான் லைல் ஃபோர்மனை ரெண்டு தடவை விழ வெச்சாரே, அதனால ஃபோர்மன் இரும்பு இல்ல.

ஆனா அதே லைல் சண்டையில இன்னொண்ணும் தெரியும், அடி பட்டா ஃபோர்மன் பின்வாங்க மாட்டார், இன்னும் வீசுவார், 5-வது ரவுண்டுல லைலைப் படுக்க வெச்சார். டைசன் பக்கம் ஃபோர்மனுக்குச் சாயல் தேடினா, 1987-ல உயரமான டோனி டக்கர் முதல் ரவுண்டுல ஒரு அப்பர்கட்டுல அவரை ஆட்டினார், 1989-ல ஃபிராங்க் புரூனோ ஒரு தடவை தள்ளாட வெச்சார், டோக்கியோவுல டக்ளஸ் முடிவைத் தொடங்கினதும் அப்பர்கட்தான். டக்கரும் புரூனோவும் அடிச்சதுக்கு அப்புறம் முடிக்கத் தெரியாம நின்னாங்க, 73 ஃபோர்மன் நிக்கிற ஆள் இல்ல.

என் முடிவு, பத்து தடவை மோதினா ஃபோர்மனுக்கு ஆறு, டைசனுக்கு நாலு. ஃபோர்மன் ஜெயிக்கிறது எல்லாம் 2, 3-வது ரவுண்டுல. டைசன் ஜெயிக்கிறதுல பாதி முதல் ரவுண்டுலயே, மீதி 5-வதுக்கு அப்புறம், ஃபோர்மன் மூச்சு வாங்க ஆரம்பிச்ச பிறகு. 12 ரவுண்டா 15 ரவுண்டாங்கறது இங்க ஒண்ணும் மாத்தாது. ரெஃப்ரி மாத்துவார், கையால தள்றதை எச்சரிக்கிற கறாரான ரெஃப்ரி இருந்தா அஞ்சுக்கு அஞ்சு.

இப்படித்தான் முடிவைச் சொல்லணும், யார்ங்கறதோட எந்த ரவுண்டு, எதனால, எது மாறினா மாறும்னு. அப்பதான் எதிர்ல இருக்குறவர் "தள்றது அவ்வளவு முக்கியமா"ன்னு பிடிச்சுக் கேக்க முடியும், பேச்சு வளரும்.

கம்ப்யூட்டர் சொன்னா நம்பலாமா

இந்த ஆசை ரொம்பப் பழசு. 1967-ல அமெரிக்காவுல பழைய, புது ஹெவிவெயிட்களோட விவரத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள போட்டு ரேடியோவுல போட்டி நடத்தினாங்க, அதுல அலி ஜிம் ஜெஃப்ரீஸ் கிட்ட தோத்ததா வந்துச்சு, அலி கோபப்பட்டு வழக்கே போட்டார். அப்புறம் 1969-ல அலியையும் ரிட்டயர் ஆகி பல வருஷமான மார்சியானோவையும் நிஜமாவே ரிங்குல நிறுத்தி, பல முடிவுகளைப் படம் புடிச்சு வெச்சாங்க. மார்சியானோ அதுக்காக எடையைக் குறைச்சு தலைக்கு டோப்பா வெச்சு நடிச்சார், படம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே விமான விபத்துல இறந்துட்டார். 1970 ஜனவரில அமெரிக்கத் தியேட்டர்கள்ல காட்டினப்ப மார்சியானோ 13-வது ரவுண்டுல ஜெயிக்கிற மாதிரி முடிஞ்சது. மெஷினுக்குள்ள போன எண்கள் எல்லாம் மனுஷங்க போட்ட மதிப்பெண்தான், இன்னைக்கு வீடியோ கேம்லயும் அதே நிலைமைதான். ஓட்டிப் பாருங்க, ஆதாரமா காட்டாதீங்க.

ஆரம்பிக்கிறவங்க முதல்ல டெம்ப்ஸி 1919, ஃப்ரேஸியர் 1971 ஜோடியை எடுங்க, ரெண்டு பேருமே முன்னேறி அடிக்கிறவங்க, உயரம் ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம்தான் வித்தியாசம், விதி மட்டும்தான் பெருசா மாறும், அதனால விதியோட எடை எவ்வளவுன்னு நல்லா புரியும். அடுத்து ஹோம்ஸ் 1978, லெனாக்ஸ் லூயிஸ் 2000, இது முழுக்க முழுக்க ஜாப் சண்டை, யாரோட ஜாப் முதல்ல போய்ச் சேருதுன்னு பாத்துப் பழகுங்க. ஜோ லூயிஸ் 1938, உசிக் 2024 ஜோடியைக் கடைசியா வெச்சுக்கோங்க, ஏன்னா இடது கைக்காரருக்கு எதிரா லூயிஸுக்குச் சாயல் ஆள் கிடைக்கிறது கஷ்டம், அதுக்கு முன்னாடி 1941 பில்லி கான் சண்டையைப் படம் கிடைக்கிற அளவுக்கு முழுசா பாத்துடுங்க, கால் வேகத்தால லூயிஸைச் சுத்த விட்டவர் அவர்தான்.